கறுப்புக் குழியில் ஒரு துண்டு

"ராசா, ஒங்கட கோட்டக் கொஞ்சம் இங்கால நீட்டுங்க" என்றார் மக்கீன்.

ஆனந்தராசா நீட்டவில்லை, ஓரடி பின்னால் போனான். அது வெள்ளை டிறில் துணியில் புதிதாகத் தைத்த கோட்டு. இரத்தினபுரித் தையற்காரனோடு ஒரு மாதம் மல்லுக்கட்டி வாங்கி, அன்று காலைதான் முதன்முதலாகப் போட்டிருந்தான்.

"கோட்டு என்னத்துக்கு நானா?"

"கறுப்ப வெள்ளையில வெச்சாத்தானே நல்லாத் தெரியும்."

"உங்கட தொப்பியும் வெள்ளைதான்."

"அது தொழுவுற தொப்பி, ராசா. ஒங்கட கோட்டு சும்மா பவுசுக்குத்தானே?"

பேச்சு முடியுமுன் மக்கீனின் கட்டைவிரல் கோட்டின் இடப்பக்கத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டது. விளக்குச் சிம்னியைத் துடைத்த கந்தல் போல, மங்கலான புகைக் கறுப்பு.

ஆனந்தராசா கண்ணை மூடிக்கொண்டான். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் உத்தியோகத்தை உதறிவிட்டு இந்த மனிதரோடு சேர்ந்த நாளை மனதுக்குள் வைதான். மக்கீன் இரத்தினபுரியில் கல் வியாபாரி. நீலக்கல்லையும் கண்ணாடித் துண்டையும் விரல் நுனியாலேயே பிரித்துவிடுவார். கல்லில் கள்ளம் பிடிக்கிறவர் மனிதரிலும் பிடிப்பார் என்று ஊர் நம்பத் தொடங்கியதிலிருந்து, கடைக்குக் கல் கேட்டு வருபவர்களைவிடக் களவு, காணாமல் போனது என்று ஓடி வருபவர்களே அதிகம். அவருக்கு இங்கிலீஷில் எழுதிக்கொடுக்க வந்த ஆனந்தராசா, இதுவரை எழுதியது கொஞ்சம், ஏறிய மலைகள்தான் ஏராளம்.

இன்றைய மலை தெஹியோவிட்டவுக்கு மேலே, ஒரு ரப்பர் தோட்டத்தின் எல்லையில் இருந்தது. ஐரோப்பாவில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம். சரிவில், பூண்டுகள் மூடிய ஒரு வாய். பக்கத்தில் துருப்பிடித்த தள்ளுவண்டித் தண்டவாளம். உள்ளே சரிந்து இறங்கி, கொஞ்சத் தூரத்தில் தண்ணீரில் முடிகிற இருட்டு. தோட்டத்து ஆட்கள் அதைக் கறுப்புக் குழி என்பார்கள். கம்பனி கைவிட்டுப் போன சுரங்கம்.

நேற்றுக் காலை ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு இருளப்பன் என்ற பால்வெட்டுகாரன் வரவில்லை. தேடிப் போனவர்கள் இந்த வாயருகே அவனுடைய தலைத்துண்டைக் கண்டெடுத்தார்கள். அதற்கு முந்தின நாள் மாலையில்தான் பெரிய கங்காணி அய்யாவு, தோட்டம் முழுவதும் பார்த்திருக்க, அவனோடு சண்டை பிடித்திருந்தார். "இந்தத் தோட்டத்த விட்டு நீ பொணமாத்தான்டா போவே!" என்று அவர் போட்ட சத்தத்தைக் கேட்காத காது தோட்டத்தில் இல்லை. பிறகென்ன? கங்காணி தள்ளிவிட்டார் என்று ஆட்கள் குடியிருக்கும் லயமெல்லாம் பேச்சு. பொலிஸ் வருவதற்குள் அய்யாவு செய்த ஒரே புத்தியான காரியம், மக்கீனுக்குத் தந்தி அடித்ததுதான்.

அய்யாவு இப்போது ஒரு ரப்பர் மரத்தடியில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். தலைப்பாகை, கடுக்கன், வெள்ளிப்பூண் போட்ட பிரம்பு எல்லாம் அப்படியே இருந்தன. அவற்றுக்குள் இருந்த ஆள்தான் ஒரே நாளில் சுருங்கிப்போயிருந்தார்.

"முதலாளி! நான் தள்ளலைங்க! கோவத்துல நாலு வார்த்தை பேசினது நெசந்தான். அதுக்காகத் தூக்குல போட்டுருவாங்களா?"

"கங்காணியார், அந்த நாலு வார்த்தையில ஒண்டைக் குறைச்சிருந்தால் நாங்கள் இந்த மலை ஏறியிருக்கத் தேவையில்லை" என்றான் ஆனந்தராசா.

காவலுக்கு நின்ற பொலிஸ் ராலஹாமி நல்ல மனிதர். தமிழை மட்டும் கொஞ்சம் அடித்துப் பேசுவார். "என்ன பாக்கிறது முதலாளி? மினிஹா, அந்த ஆள், மேல இல்ல. அப்ப கீழதானே? தண்ணி எறைக்க கொழும்புல இருந்து பம்ப் வரவேணும். அது வார வரைக்கும் கங்காணி அவிசாவளையில உள்ள. இண்டைக்குப் பின்னேர ரயில் கோச்சியில போறது."

"துண்டக் காட்டுங்களே ராலஹாமி."

அவர் காட்டினார். வெள்ளையாக ஒரு காலத்தில் இருந்த துண்டு. இப்போது பாதி கறுப்பு.

"இது எப்படிக் கெடந்திச்சு?"

"கெடக்கிறது இல்ல. நல்லா மடிச்சு, மேல கல்லு வெச்சு இருந்தது. காத்துல போகாம."

"கல்ல ஆரு வெச்ச?"

"கங்காணிதான் வெச்சிருக்கும்."

மக்கீன் தாடியைச் சொறிந்தார். "ஒரு ஆளத் தண்ணிக்குள்ள தள்ளுறவன், துண்டையும் சேத்து வீசாம, பறந்துடும்டு பயந்து கல்லு வெச்சுட்டா போவான்?"

ராலஹாமி யோசித்தார். யோசனை அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்த இடைவெளியில் மக்கீன் துண்டைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, ஆனந்தராசாவின் கோட்டு வலப்பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்தார். ஆனந்தராசா இம்முறை தடுக்கவேயில்லை. ஒரு பக்கம் போன கோட்டில் மறுபக்கத்தை மட்டும் காப்பாற்றி என்ன பயன்?

"லயத்துக்குப் போவம்" என்றார் மக்கீன், வெகு சந்தோஷமாக.

* * *

இறங்கும் வழியில் ஆனந்தராசா கேட்டான். "உந்தக் குழியைப் பற்றி உங்களுக்கு முன்னமே தெரியும் போல கிடக்கு?"

"கம்பனி ஈக்கிற காலத்துல வந்தீக்கிறேன். இங்க ரப்பர் நடக் குழி வெட்டின நேரம் மண்வெட்டியில கறுப்புக் கட்டி தட்டுப்பட்டிச்சாம். கையில எடுத்தா ஈயக்குண்டு மாதிரிப் பாரம். ஒரு வெள்ளக்காரன் சுத்தியலோட வந்து பாத்துட்டு மங்கனீஸ் எண்டான். இரும்ப உருக்காக்க அத ஒரு பிடி போடோணுமாம். கம்பனி வந்திச்சு, தண்டவாளம் போட்டிச்சு. மாட்டு வண்டியில தெஹியோவிட்ட ஸ்டேஷனுக்கு ஏத்தினாங்க. மொத வருஷம் வண்டி நெறையப் போச்சு. அடுத்த வருஷம் அரை வண்டி. அதுக்குப் பொறகு வண்டிக்காரன் மட்டும் போய் வந்தான்."

"ஏன், முடிஞ்சுபோச்சோ?"

"அது ஆழத்துல ஈக்கிற சாமான் இல்ல ராசா. இந்த மலைக்குள்ள ஈக்கிறது சிவப்புப் பரல் போட்ட கல்லு. காலங்காலமா மழ பேஞ்சு பேஞ்சு, கல்லு உக்கி, அதுல ஈந்த கறுப்பு மட்டும் ஊறி வந்து மேல் மண்ணுல கட்டிபட்டுக் கெடந்திச்சு. பால்ல ஆடை படியிற மாதிரி. கம்பனிக்காரனுக்கு அது வெளங்கல்ல. ஆடையே இவ்வளவு தடிப்புண்டா, அடியில எவ்வளவு ஈக்கும்டு பானைய நோண்டிக்கிட்டே போனான். கடைசியில வந்தது தண்ணி. சட்டி பொட்டியக் கட்டிட்டான்."

"அப்ப நீங்கள் என்னத்துக்கு வந்தனியள்?"

மக்கீன் கொஞ்சம் தயங்கினார். "அவங்க வீசின சிவப்புப் பரல வாங்க. ரத்தினத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி மின்னிச்சு. சாக்குக் கணக்குல வாங்கிட்டேன்."

"நல்ல லாபமோ?"

"என்ட கடை வாசல்ல கொட்டிக் கெடக்குது. ஒவ்வொரு நாளும் அது மேல நடந்துதானே நீங்க உள்ளுக்கு வாரீங்க?"

மழைக்குச் சேறாகாமல் இருக்கப் போட்ட சரளை என்றே ஆனந்தராசா இத்தனை நாளும் நினைத்திருந்தான். அவனுக்குச் சிரிப்பை அடக்கக் கஷ்டமாக இருந்தது. அடக்கவும் இல்லை.

"சிரிச்சு முடிஞ்சிட்டா, கோட்டப் பாருங்க" என்றார் மக்கீன்.

பார்த்தான். இடப்பக்கத்துக் கோடு அடுப்புக்கரி போல மங்கியிருந்தது. வலப்பக்கத்துக் கோடு வெயிலில் மினுங்கியது. தொட்டால் விரல் எண்ணெய் பட்டது போல வழுக்கியது.

"மொதலாவது அந்தக் குழியின்ட சுவர். ரெண்டாவது துண்டு. ரெண்டும் ஒரே ஊர்க் கறுப்பு இல்ல. துண்டுல ஈக்கிறது பென்சில்கரி. சிங்களத்துல மினிரன். ஆத்துக்கு அங்கால ஈக்கிற சுரங்கத்துல வாரது. சண்டையால இப்ப அதுக்கு நல்ல கிராக்கி. எங்கெங்கயோ ஈந்து ஆள் போறாங்க."

ஆனந்தராசா நடப்பதை நிறுத்தினான். "அப்ப இருளப்பன் விழுந்தது வேற குழியிலயோ?"

"விழுந்தாண்டு ஆரு சென்ன? அவன் சாகல்லண்டா, ஊட்டுல ஆருக்காவது தெரிஞ்சீக்கும்."

* * *

லயத்து வாசலில் இருளப்பனின் பெண்சாதி சுப்பம்மா தலையை விரித்துப் போட்டு அழுதுகொண்டிருந்தாள். சுற்றிலும் பெண்கள். அந்த அழுகையில் பொய்யின் சாயலே இல்லை. கண் வீங்கி, குரல் உடைந்து, அடிவயிற்றிலிருந்து வந்த அழுகை. கேட்கக் கேட்க ஆனந்தராசாவின் கண்ணும் கலங்கியது. மக்கீன் பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பினான்.

திருப்பிய இடத்தில் ஓர் அவரைப் பந்தல் இருந்தது.

ஆனந்தராசா கோண்டாவில்காரன். தோட்டமும் துரவுமாக வளர்ந்தவன்; அவரைக் கொடியைக் கண்டால் கண் தானாகக் காயைத் தேடும். இந்தக் கொடியில் காயே இல்லை. முற்றியது மட்டுமல்ல, விரல்நீளப் பிஞ்சுகூட மிச்சமில்லாமல் பறித்து ஆயப்பட்டிருந்தது. காம்புகள் இன்னும் பச்சையாகவே இருந்தன. பக்கத்துக் காம்பறாக்காரியின் கொடியிலோ பிஞ்சுகள் காற்றில் ஆடின.

அவன் மக்கீனின் காதருகே குனிந்தான். "நானா, நாளைக்கும் இருக்கப்போற சனம் முத்தினதை மட்டுந்தான் ஆயும். வீட்டை விட்டு வெளிக்கிடுற சனந்தான் பிஞ்சையும் விடாது. புருஷன் செத்த வீட்டில ஆர் அவரைக்காய் ஆய்வினம்?"

மக்கீன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்! கோட்டுக்கு மேல ஒங்களுக்குத் தலையும் ஈக்குதே."

பிறகு பெண்களிடம் திரும்பி, "எங்களுக்குக் கொஞ்சம் தேத்தண்ணி கெடைக்குமா? மலையேறி வந்த களைப்பு" என்றார். விருந்தாளி கேட்டுவிட்டால் துக்க வீடானாலும் அடுப்பு மூட்ட வேண்டுமே. பெண்கள் எழுந்து போனார்கள்.

மக்கீன் வாசற்படியில் குந்தினார். "தங்கச்சி, எங்கட ராசாட கோட்டப் பாருங்க. இந்தப் பக்கம் கறுப்புக் குழி. இந்தப் பக்கம் ஒங்கட ஊட்டுக்காரர்ட துண்டு. ஒண்டு மங்கலா ஈக்கி, ஒண்டு மினுங்குது."

சுப்பம்மா அழுகையை நடுவிலே நிறுத்தினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோட்டை இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தாள்.

"ரெண்டும் கறுப்புத்தானுங்களே" என்றாள். பிறகு தணிந்த குரலில், "நானும் அப்பிடித்தாங்க நெனைச்சேன்."

ஆனந்தராசாவின் வாய் திறந்தது, மூட மறந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரரு அண்ணன் ஆத்துக்கு அங்கிட்டுப் பென்சில்கரிக் குழியில வேலை செய்றாருங்க" என்றாள் சுப்பம்மா. "போன ஞாயித்துக்கெழம இவரும் போயி வேலை பாத்துட்டு வந்தாரு. எங்கள அனுப்பிருங்கன்னு கங்காணிகிட்ட எத்தனை வாட்டி கேட்டிருப்போம்! முடியாதுன்னே சொல்லிட்டாரு. சீட்டு இல்லாமப் போனா வாரண்டு வந்து, பொலிசு புடிச்சு, மறியல்ல போட்டுருவாங்க. முந்தாநேத்து மறுபடி கேட்டதுக்குத்தான் அந்தச் சண்டை. நீ பொணமாத்தான் போவேன்னு கங்காணியே வாயால சொன்னாருங்க. ராத்திரி நான்தான் இவருகிட்ட சொன்னேன், சரி, அப்பிடியே போயிருங்கன்னு. செத்த ஆள எந்தப் பொலிசும் தேடாதுங்களே?"

"கங்காணிய மாட்டிவிட நெனச்சீங்களா?"

"ஐயோ, இல்லீங்க!" அவள் பதறினாள். "கால் வழுக்கி விழுந்துட்டாருன்னு சொல்லுவாங்கன்னுதான் நெனைச்சேன். கல்லு வைக்காட்டித் துண்டு பறந்து போயிருமேன்னு வச்சேன். அந்தாளு கொடுமைக்காரருதான். ஆனா அவரு வீட்லயும் பொம்பளப் புள்ளைங்க இருக்குதுங்க. நேத்துலருந்து எனக்குச் சோறு எறங்கல."

ஆனந்தராசா மெதுவாகச் சொன்னான். "நானா, உண்மையைச் சொன்னால் இருளப்பனுக்கு மறியல். சொல்லாட்டில் கங்காணிக்குக் கயிறு. நாங்கள் இப்ப ஆருடைய பக்கம்?"

"நான் கங்காணிட ஆள்" என்றார் மக்கீன், எழுந்து சாறத்தைத் தட்டிவிட்டு. "தந்தி அடிச்சது அவர்தானே."

சுப்பம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று. மக்கீன் திரும்பிப் பார்க்காமல் மேட்டில் ஏறினார். அவர் பின்னால் நடந்த ஆனந்தராசாவுக்கு, அன்றைக்கு முதன்முதலாக அவர்மேல் உண்மையான கோபம் வந்தது.

* * *

"கங்காணியார், இருளப்பன் உசிரோட ஈக்கிறான்" என்றார் மக்கீன், ராலஹாமி குழி வாயின் மறுபுறம் போயிருந்த நேரம் பார்த்து.

அய்யாவு துள்ளி எழுந்தார். சுருங்கிப்போயிருந்த ஆள் ஒரு நொடியில் பழைய உருவத்துக்கு வந்துவிட்டார். "எங்கங்க அந்தப் பய? இப்பவே வாரண்டு எடுத்து..."

"ஒக்காருங்க. அவன் எங்க ஈக்கிறாண்டு எனக்கு மட்டுந்தான் தெரியும். எனக்கு மிச்சம் மறதி."

கோபம் எங்கே போயிற்று என்று ஆனந்தராசாவுக்கே தெரியவில்லை. "ஓமோம்" என்று அவசரமாகச் சேர்ந்துகொண்டான். "நானாவுக்கு மறந்தால் மறந்ததுதான். போன தடவை ஞாபகம் வர மாதக்கணக்காச்சு. அதுக்கிடையில வழக்கும் முடிஞ்சிடும்."

அய்யாவு உட்கார்ந்தார். "என்ன வேணும் முதலாளி?"

"துண்டு."

"அது ராலஹாமிகிட்டல்லங்க இருக்கு?"

"அது இல்ல. நீங்க குடுக்காம வெச்சீக்கிற துண்டு."

தோட்டத்தை விட்டுப் போகலாம் என்று துரையின் கையெழுத்தோடு கொடுக்கும் சீட்டுக்கும் அந்த நாளில் துண்டு என்றுதான் பெயர். கங்காணி வாய் திறந்தால்தான் துரை பேனாவைத் திறப்பார்.

"இருளப்பன், சுப்பம்மா, ரெண்டு பேருக்கும். திகதி முந்தாநேத்துத் திகதி" என்றார் மக்கீன். "கோச்சிக்கு முன்னுக்கு அவன இங்க கொண்டுவந்து நிப்பாட்டுறது என்ட பொறுப்பு. கோவம் தணிஞ்ச பொறகு நானே துண்டு வாங்கிக் குடுத்து அனுப்பினேன், பதட்டத்துல மறந்திட்டேண்டு ராலஹாமியிட்ட செல்லுங்க."

"பிரட்டுல அம்புட்டுப் பேரு முன்னாலயும் நான் மறந்துட்டேன்னு சொல்றதாங்க? நாலு பேரு சிரிப்பாங்களே!"

"நாலு பேர் இல்லைக் கங்காணியார், முழுத் தோட்டமும் சிரிக்கும்" என்றான் ஆனந்தராசா. "தூக்கில தொங்கினால் ஒருத்தரும் சிரிக்க மாட்டினம். எது வசதி எண்டு நீங்களே பாருங்கோ."

அய்யாவு கறுப்புக் குழியின் வாயை ஒருமுறை பார்த்தார். பிறகு பிரம்பை ஊன்றி எழுந்து, ராலஹாமியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு துரையின் பங்களாப் பக்கமாக நடந்தார்.

* * *

ஆனந்தராசா மக்கீனின் குதிரை வண்டியில் தோணித்துறைக்குப் போய், ஆற்றைக் கடந்து, இருளப்பனைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தபோது பிரட்டுக் களத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். இருளப்பன் முகம் கழுவக்கூட நேரமில்லாமல் வந்திருந்தான். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை பென்சில்கரி. துலக்கி எண்ணெய் பூசிய இரும்புச் சட்டி போல அந்தி வெயிலில் மினுமினுத்தான்.

வண்டியிலிருந்து அவன் குதித்ததும் முன்வரிசைப் பெண்கள் கிறீச்சிட்டுப் பின்வரிசையின்மேல் விழுந்தார்கள். "பேய் மினுங்குது!" என்று யாரோ அலறினார்கள். ராலஹாமியின் கை தொப்பிக்குப் போயிற்று.

"மே மினிஹா மெரிலா நெஹெனே!" என்றார். ஆள் சாகவே இல்லையே என்ற திகைப்பு, சிங்களத்திலேயே வந்துவிட்டது.

எல்லாக் கண்களும் கங்காணியிடம் திரும்பின. அய்யாவு தொண்டையைச் செருமினார். தலைப்பாகையைச் சரிசெய்தார். கைக்குள் இருந்த சீட்டை ஈரப் பூனைக்குட்டியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"நான்தான்... துண்டு குடுத்து... அனுப்பிச்சேன். அது வந்து... மறந்துட்டேன்."

பிறகு பின்வரிசையில் ஒரு கிழவர் இருமுவது போலத் தொடங்கினார். அது இருமல் அல்ல என்று தெரிந்ததும் மற்றவர்களும் தொடங்கிவிட்டார்கள். காலையிலும் மாலையிலும் அய்யாவுவின் குரலுக்கு நடுங்கிய அந்தக் களம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அய்யாவுவுக்கு முகம் எரிந்தது. ஆனாலும் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டபோது, அவர் வாயோரத்திலும் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்ததை ஆனந்தராசா கண்டான்.

ராலஹாமி மக்கீனை ஓரமாகக் கூப்பிட்டார். "முதலாளி, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. கல்லு வெச்சது யாரு?"

"காத்துக்குப் பயந்த ஆரோ ஒரு ஆள் ராலஹாமி."

அவர் மக்கீனையும் பார்த்தார். ஆனந்தராசாவின் கோட்டையும் பார்த்தார். பிறகு தலைத்துண்டை இருளப்பனிடம் எறிந்துவிட்டு, கோச்சிக்கு நேரமாகிறது என்று தனியாகவே இறங்கிப் போனார்.

* * *

சட்டி பானை மூட்டையும் அவரைக்காய்ச் சாக்குமாக இருவரையும் மக்கீன் தம் வண்டியிலேயே தோணித்துறைக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் ஆனந்தராசாவுக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

"அக்கா, கோவியாதேங்கோ. காலமை நீங்கள் அழுத அழுகையில நானே கண் கலங்கிப்போனன். உப்பிடி நடிக்க எங்க பழகினனீங்கள்?"

அவள் அவனைப் பார்த்தாள். "நடிக்கலீங்க ஐயா. போன ஞாயித்துக்கெழம அந்தக் கரிக்குழிய இவரு சொன்னாரு. மர ஏணியில எறங்கி எறங்கிப் போனா, மேல இருக்கிற வாய் ஒரு காசு அளவுதான் தெரியுமாம். ஏணியெல்லாம் ஈரமாம். இன்னைக்கு இவரு எறங்குற நேரமாப் பாத்து எனக்கு அழுகை வந்துச்சு. அதைத்தான் எல்லாரும் பாத்தாங்க."

மக்கீன் குதிரையை ஓட்டுவதில் கவனமாக இருப்பது போல இருந்தார்.

"அங்க கூலி நல்லாருக்கு புள்ள" என்றான் இருளப்பன், முன்னாலிருந்து திரும்பாமலே. "நாந்தான் பாத்து எறங்குறேன்னு சொல்றேன்ல?"

"பாத்து எறங்குறீங்களான்னு பாக்கத்தான் நானும் வர்றேன்" என்றாள் சுப்பம்மா. வண்டி நிற்குமுன்னே சாக்கைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, தோணியில் முதலில் அவள்தான் ஏறினாள்.